எந்தத் தெரு

காரைக்கால் கல்லூரியிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றல் வாங்கிவிட்டால் ஆயிற்றா? படுக்க இடம் வேண்டாமா? விடுதி நிரம்பிவிட்டதாம். வியாழக்கிழமை வகுப்பு தொடங்குகிறது. பாகூரில் கோகிலாம்பாள் வீட்டு மாடி காலி என்று தெரிந்த பெண் ஒருத்தி சொன்னாள். போய்க் கேட்டேன்.

"காரைக்காலா? என் பொண்ணும் அங்கதாம்மா படிக்கிறா." கோகிலாம்பாள் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு வூட்டு மாடியில தங்கியிருக்கா. அந்தம்மா பெத்த பொண்ணாட்டம் பாத்துக்குது. ஜுரம்னா கஞ்சி வெச்சி ஊட்டுதாம்."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"இன்னாத்துக்கு? நம்ம ஆளுங்கதான்னு அவளே சொல்லிட்டா." சாவியோடு மாடிப்படி ஏறப் போனவர் நின்றார். "ஆமா, நீ உங்க ஊர்ல எந்தத் தெரு?"

"காலனி."

சாவி இடுப்புக்குப் போய்விட்டது.

"அடடா, என் நாத்தனார் மவ வரேன்னு சொல்லியிருந்தா. மறந்தே பூட்டேன் பாரு."

பஸ் நிறுத்தத்துக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்தது எங்கள் மாடியில் குடியிருக்கும் தீபிகா.

"அக்கா, எங்கம்மா ரூம் குடுத்தாங்களா? நான்தான் அனுப்பினேன்னு சொல்லலியே?"

"சொல்லல. உங்கம்மாகிட்ட எங்கள யாருன்னுடி சொல்லி வெச்சிருக்க?"

பின்னாலிருந்து என் அம்மாவின் குரல் கேட்டது.

"சோறு ஆறுது தீபிகா. சாப்ட்டுட்டுப் பேசு கண்ணு."