வாயிற்காவலன் மண்டியிட்ட ஞாயிறு

மண்டியிட்டுவிட்டான்.

வெட்டுப்பட்ட வலது கை தரையில் கிடந்தது. அதன் பக்கத்தில் வாள். கோட்டை வாயிற்காவலன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே சாய்ந்தான். லேப்டாப் திரை முழுக்கப் பொன்னிற எழுத்தில் வெற்றி, வெற்றி என்று மின்னியது.

அவள் கீபோர்டிலிருந்து இடது கையை எடுத்தாள்.

சந்தோஷம் வரவில்லை.

மழைக்காலம் முழுக்க இந்தத் தடியனோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அவளை மிதித்திருக்கிறான். சுவரோடு சேர்த்து நசுக்கியிருக்கிறான். செத்துச் செத்துப் பிழைத்து வந்து அவன் முன்னால் நின்றிருக்கிறாள். இந்த கேமில் வரும் மற்ற அரக்கர்கள் எல்லாம் அவனுக்கு முன்னால் வெறும் கொசு.

அவனுடைய அரசன் எப்போதோ செத்துப்போனான். கோட்டைக்குள் காப்பாற்ற ஒன்றுமில்லை, வௌவால்கள்தான். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் வருகிறவன் போகிறவன் எல்லாம் ‘ஒதுங்கு’ என்கிறான். அந்த ஒரு சொல் அவனுக்கு ஆகாது. அதற்காகவே நிற்கிறான்.

பாதிச் சண்டையில் அவன் வலது கை போகும். ஆள் தீர்ந்தான் என்றுதான் முதல் நாள் அவளும் நினைத்தாள்.

அவன் குனிந்தான். இடது கையால் வாளை எடுத்தான்.

அதற்குப் பிறகு அடித்தானே ஓர் அடி!

அப்போது அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிது. ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் தோளில் நரம்பு அறுந்துவிட்டது. வலது கை இனி எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொழுது போகட்டும் என்று கணவன் பரிதிதான் இந்த கேமைப் போட்டுக் கொடுத்தான். ஒரு கையால் ஆடுவதற்குத் தோதாக எல்லா பட்டன்களையும் கீபோர்டின் இடது பக்கத்துக்கு மாற்றித் தந்ததும் அவன்தான்.

காவலன் வாளை எடுத்ததைப் பார்த்து அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள். தோற்றுப்போன வருத்தம் என்று பரிதி நினைத்துக்கொண்டான்.

அப்பேர்ப்பட்டவன் இன்றைக்கு மண்டியிடுகிறான்.

அவன் அப்படிப்பட்ட ஆளே இல்லை.

யோசித்துப் பார்த்தாள். இன்றைய சண்டையே சரியில்லை. வாளை ஓங்கிவிட்டுத் தயங்கினான். அவள் தடுமாறியபோதெல்லாம் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஒரு வாய் ஊட்டிவிட்டு, அவள் மென்று முடிக்கும்வரை அடுத்த வாய்ச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு பரிதி காத்திருப்பான்.

செட்டிங்ஸுக்குள் போனாள்.

‘ஈஸி’ என்று மாற்றப்பட்டிருந்தது.

ஈஸியில் காவலனுக்கு இடது கைச் சண்டையே கிடையாது போலிருக்கிறது. வலது கை போனால் ஆள் முடிந்தான்.

பரிதி தட்டோடு அறைக்குள் வந்தான். சாம்பார் சோறு குழையப் பிசைந்திருந்தது. கூடத்தில் அவன் சித்தப்பா குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. இலை போட்டுப் பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். அவளுக்கு மட்டும் அறைக்குள்ளேயே ஊட்டிவிடுவதாக ஏற்பாடு. ஸ்பூன் கூடாதா என்று காலையில் அவள் கேட்டுப் பார்த்தாள்.

“ஸ்பூனா இருந்தாலும் இடது கைதானேம்மா. நாலு பேர் முன்னாடி நல்லாவா இருக்கும்?” என்றார் மாமியார்.

கோபமாகச் சொல்லவில்லை. பரிவோடுதான் சொன்னார். அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

“ஜெயிச்சிட்டியா!” என்றான் பரிதி. முகமெல்லாம் சிரிப்பு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவன். அவளை நோகாமல் வைத்திருக்க என்ன வேண்டுமானாலும் செய்வான். இதையும் செய்திருக்கிறான்.

செட்டிங்ஸைப் பழையபடி மாற்றினாள். மறுபடியும் கோட்டை வாயிலுக்குப் போனாள்.

காவலன் எழுந்து நின்றான். இந்த முறை தயக்கம் கியக்கம் எதுவும் இல்லை. முதல் வீச்சிலேயே அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. உருண்டாள், விலகினாள், கிடைத்த இடைவெளியில் எல்லாம் வெட்டினாள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

வலது கை அறுந்து விழுந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

குனிந்தான்.

இடது கை நீண்டது.

“அப்படிப் போடு!” என்று கத்தினாள்.

கூடத்தில் பேச்சு நின்றது. காவலன் ஒரே வெட்டில் அவளைச் சாய்த்தான். திரை இருண்டது. படுதோல்வி. அவளுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

லேப்டாப்பை மூடினாள்.

பரிதி ஒரு வாய்ச் சோற்றை எடுத்து நீட்டினான். அவள் வாயைத் திறக்கவில்லை.

“இனிமே அவன் கையைப் பிடுங்காதீங்க” என்றாள்.

அவன் மூடிய லேப்டாப்பைப் பார்த்தான். பிறகு தன் விரல்களில் இருந்த சோற்றைப் பார்த்தான். அதைத் தட்டிலேயே வைத்தான்.

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். சித்தப்பாவுக்குப் பக்கத்தில் பரிதிக்குப் போட்ட இலை காத்திருந்தது. சோறு வைத்து, சாம்பார் ஊற்றி, அப்பளம்கூட வைத்தாகிவிட்டது. அந்த இலையின் முன் உட்கார்ந்தாள். வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சித்தப்பா மெல்லுவதை நிறுத்தினார். மாமியார் சாம்பார் வாளியோடு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“எல்லாரும் பாக்குறாங்கம்மா. கொஞ்சம் ஒதுங்கி, உள்ள போயி...”

அவள் குனிந்தாள். இடது கை நீண்டது.