பின்சீட்டில் இருவர்

பாதி விலைக்குக் கிடைத்த, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் ஹைபிரிட் கார் அது. பெட்ரோல் வீணாகக் கூடாதென்று, வழியில் காத்திருப்பவர்களை அதுவே நின்று ஏற்றிக்கொள்ளும். அந்த நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் மயில்சாமியும் அவன் மனைவி செல்வராணியும் வாங்கினார்கள். இருவருக்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டில் ஒற்றை அறை, கூடவே செல்வராணியின் மாமனார் மாமியார். எல்லா நாளும் ஆள் ஏறாது, தனியாகப் பேசக் காரிலாவது முக்கால் மணி நேரம் கிடைக்கும் என்று நம்பியிருந்தார்கள்.

அன்று செல்வராணிக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்திருந்தது. பின்சீட்டில் முன்பின் தெரியாத இருவர் நூல் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று மயில்சாமி மெல்லக் கேட்டான்.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். "அப்புறம் சொல்றனுங்க."

"அப்புறம்னா எப்ப?"

அவள் கண் மறுபடி பின்சீட்டுக்குப் போனது. அவன் காரிடம் நிறுத்தச் சொன்னான்.

"எறங்கு ராணி, நடந்தே போயிரலாம்."

அவர்கள் இறங்கிய இடத்தில் வேறு இருவர் ஏறிக்கொள்ள, கார் கிளம்பிப் போனது. வீட்டுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர். நாள் முழுக்க நின்று வேலை பார்த்ததில் இருவருக்கும் கால் கடுத்தது.

"புத்துநோய்தானுங்களாம்," என்றாள் செல்வராணி.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச தூரம் போனபின், "மெல்லவே நடக்கலாம்," என்றான்.