செடிக்குத்தான் பாய்

"அந்தப் பையனுக்கு இனிமே சக்கை குடுக்காதீங்க பாய். அவன் வீட்டுல செடியும் கெடையாது, கொடியும் கெடையாது."

பூக்கூடையை இறக்கி வைத்தபடி பேச்சாயி இப்படிச் சொன்னதும், காபி ஆற்றிக்கொண்டிருந்த அப்துல் ஹக்கீமின் கை நின்றது.

"எந்தப் பையனைச் சொல்ற?"

"அதான், தெனமும் சாயங்காலம் வந்து ஒங்க கடைக் காபிச் சக்கையைப் பையில வாங்கிட்டுப் போறானே, மதன்குமாரு. நான் பூ விக்கிற தெருவுலதான் குடியிருக்கான். ஒரு தொட்டி கூட இல்ல அங்க."

ஹக்கீமுக்கு நம்ப முடியவில்லை.

மதன்குமார் அவர் கடைக்கு வர ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. உள்ளே வந்து உட்காரமாட்டான். வாசலோரமாக நின்றபடியே காபியைக் குடிப்பான். "உள்ள வாங்க தம்பி" என்றால், "இருக்கட்டும் பாய்" என்று சிரிப்பான். குடித்து முடித்ததும், டிகாஷன் இறக்கிய சக்கை இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்பான்.

"குப்பையில கொட்டுறதுதானே, தாராளமா எடுத்துக்கங்க. ஆமா, இது என்னத்துக்கு?" என்று முதல் நாளே கேட்டார் ஹக்கீம்.

"ரோஜாச் செடிக்குத்தான் பாய்."

அதிலிருந்துதான் பேச்சு வளர்ந்தது. கடையை ஒட்டியே இருந்த ஹக்கீமின் வீட்டு மாடியிலும் ஒரு ரோஜாச் செடி நோஞ்சானாக நின்றுகொண்டிருந்தது. அதைச் சொன்னதும், "சக்கையை நல்லாக் காயவெச்சு, ஒரு கைப்பிடி மட்டும் மண்ணோட கலந்து விடுங்க பாய். ஈரத்தோட அள்ளிப் போட்டா பூசணம் புடிச்சிரும்" என்றான். ஹக்கீமின் மனைவி ஹாஃபிஸா அப்படியே செய்தாள். செடி துளிர்த்து, ஒரு மொட்டும் விட்டது.

பிறகு கருவாடு வைத்த பிரிட்ஜுக்குள் ஒரு கிண்ணத்தில் காய்ந்த சக்கையை வைக்கச் சொன்னான். வாடை போய்விட்டது. அடிப்பிடித்த பால் சட்டியை அதைப் போட்டுத் தேய்க்கச் சொன்னான். சட்டி பளபளத்தது. "அந்தத் தம்பி தோட்டத்தை ஒரு நாள் போய்ப் பாக்கணும்ங்க" என்று ஹாஃபிஸா சொல்லிக்கொண்டே இருந்தாள். அதை ஹக்கீம் சொன்னபோதெல்லாம், "பாக்குற அளவுக்கு ஒண்ணும் இல்ல பாய்" என்று மழுப்பிவிடுவான்.

இப்போதுதான் அந்த மழுப்பல் ஹக்கீமுக்கு உறைத்தது.

"அப்ப அம்புட்டுச் சக்கையும் எங்க போகுது?"

பேச்சாயி குரலைத் தாழ்த்தினாள். "ஜன்னல்ல பேப்பரை விரிச்சுக் காயப் போட்டிருக்கான். சந்தையில மட்டமான காபித்தூளு பாக்கெட்டு வந்திருக்குல்ல, அதுல பழைய சக்கையைத்தான் கலக்குறாங்கன்னு பேச்சு. ஹக்கீம் கடைச் சக்கைன்னு நாளைக்கு வெளிய தெரிஞ்சா யாரு பேரு கெடும்? அதை எனக்குக் குடுத்தாலும் எங்கண்ணன் தோட்டத்து மல்லிக்குப் போடுவேன்."

அவள் போன பிறகு ஹக்கீமுக்கு வேலை ஓடவில்லை. இந்த பேகம்பூரில் அவர் கடைக் காபி என்றால் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்கள். அந்தப் பெயர் கெடுவதைவிட, அந்தப் பையனின் சிரிப்பை நம்பியதுதான் அதிகம் வலித்தது.

சாயங்காலம் வழக்கம்போல மதன்குமார் வந்தான். ஹக்கீம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பையை நீட்டினார்.

"செடி எப்படித் தம்பி இருக்கு?"

"நல்லா வளருது பாய்" என்றான். முகமெல்லாம் மலர்ந்துபோனது.

இப்படிக்கூட ஒருத்தனால் பொய் சொல்ல முடியுமா என்று ஹக்கீமுக்கு மலைப்பாக இருந்தது. அவன் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் ஹாஃபிஸாவைக் கூப்பிட்டார்.

"செத்த நேரம் கடையைப் பாத்துக்க. வந்துர்றேன்."

"எங்க போறீங்க?"

"தோட்டம் பாக்க."

வண்டியில் அவன் பின்னாலேயே போனார். வரிசையாக ஓட்டு வீடுகள் இருந்த ஒரு வளவுக்குள் சைக்கிள் நுழைந்தது. பேச்சாயி சொன்னது சரிதான். வாசலில் ஒரு துளசி கூட இல்லை. ஜன்னல் திட்டில் பழைய பேப்பரை விரித்து, காபிச் சக்கையை மெல்லியதாகப் பரப்பியிருந்தார்கள்.

ஹக்கீம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். 'பொய் சொல்லி வாங்கிட்டுப் போறதுக்கு என் கடைதான் கெடைச்சுதா?' என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று சந்து வழியாகப் பின்பக்கம் நடந்தார்.

குழாயடியில் மதன்குமார் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கிண்ணத்திலிருந்த காய்ந்த சக்கையை அள்ளி, முழங்கை வரைக்கும் பூசி, விரலிடுக்கு, நகக்கண் ஒன்றையும் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தான். கழுவினான். முகர்ந்து பார்த்தான். திருப்தி இல்லை போல. மறுபடியும் அள்ளித் தேய்த்தான். தோல் கன்றிச் சிவந்துவிட்டது. அப்போதும் அவன் நிறுத்தவில்லை.

கேட்க வாயெடுத்த ஹக்கீம் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளேயிருந்து அவன் மனைவி வந்தாள். பரீட்சைக்கு நிற்கிற பிள்ளையைப் போல அவன் இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினான். அவள் குனிந்து நிதானமாக முகர்ந்தாள். பிறகு, தோளில் கிடந்த பச்சைக் குழந்தையை மெதுவாக எடுத்து அந்தக் கைகளில் வைத்தாள்.

"நீங்க தோல் பதனிடுற ஷாப்பு நாத்தம் துளிகூட இல்லங்க. பயப்படாம உங்க மகளைத் தூக்குங்க, இன்னைக்கு அழமாட்டா."