முன்னாள் வேட்டைக்காரர்

"அந்தப் பறவையைப் பிடிச்ச அன்னிக்கு ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வந்துச்சாண்ணா?"

கேட்டவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரி. கடல் தாண்டி மூன்று வாரப் படிப்புக்கு வந்திருந்த பதினான்கு தமிழ் மாணவர்களில் அவள்தான் எதையும் துருவித் துருவிக் கேட்பவள். காட்டைக் கெடுக்காமல் சுற்றுலா நடத்துவது எப்படி, அருகிவரும் உயிர்களைக் காப்பது எப்படி என்பதுதான் படிப்பு. காலையில் காட்டுக்குள் நடை, மதியம் இந்தத் தகரக் கொட்டகையில் வகுப்பு. இன்று பேச வேண்டியவர் வழிகாட்டி. 'முன்னாள் வேட்டைக்காரர்' என்றது அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டை.

வழிகாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்படிம்மா வரும்?"

பிறகு சொல்ல ஆரம்பித்தார். நான்கு வருடமாக, வந்த குழுவுக்கெல்லாம் சொன்ன கதைதான். இருவாச்சிப் பறவையின் பெட்டை முட்டையிட மரப்பொந்துக்குள் போனதும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். மூக்கு நீட்ட ஒரு சந்து மட்டும் விடும். உள்ளே இருக்கும்போது அதற்குச் சிறகும் உதிர்ந்துவிடும். ஆண்தான் பழம் பொறுக்கிவந்து ஊட்ட வேண்டும். அப்படிப் பழம் தேடிப் போன ஆண் பறவை, அத்திமரக் கிளையில் வைத்த கண்ணியில் மாட்டியது.

"ஒரு வாரம் கழிச்சு அந்த மரத்துப் பக்கம் போனா, பொந்துக்குள்ள சத்தம். தாயும் குஞ்சும் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சுங்க. ஏறிப் போய்ப் பார்க்கத் தைரியம் வரலை. மறுநாள் போனா சத்தம் இல்லை."

பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். வழிகாட்டிக்கு நிமிர்ந்து பார்க்கக் கூசியது. வாசலருகே தேநீர்த் தட்டோடு முகாமின் சமையல்காரர் நின்றுகொண்டிருந்தார். வழிகாட்டியின் மனைவிக்கு அண்ணன். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் மச்சான் நிற்கும் பக்கம் வழிகாட்டி ஒருநாளும் திரும்பியதில்லை.

"அண்ணா, ஒரே ஒரு உதவி." கண்ணாடிக்காரி எழுந்தாள். "என் அறிக்கையோட ஒரு வீடியோ வைக்கணும். அந்தக் கண்ணியை எப்படிப் போடுவீங்கன்னு ஒரு தடவை காட்டுங்களேன். ரோந்து போறவங்க அடையாளம் கண்டு அறுத்துப் போட உதவும்ல?"

நான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவள் பையிலிருந்து எடுத்து நீட்டிய கயிற்றை வழிகாட்டி வேறு வழியில்லாமல் வாங்கினார். ஒரு சுருக்குப் போட்டார். இழுத்ததும் அவிழ்ந்து தொங்கியது. மறுபடி போட்டார். அது முடிச்சாகி இறுகி நின்றது, சுருங்கவே இல்லை. நெற்றி வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது.

"கை வரமாட்டேங்குதும்மா," என்றார்.

அவள் சட்டென்று போனை இறக்கினாள். "வேணாம்ணா. நான் கேட்டிருக்கவே கூடாது. மன்னிச்சுடுங்க."

குழுவை அழைத்துவந்த பேராசிரியை முன்னால் வந்தார். "பார்த்தீங்களா? மூணு வாரமா நான் நடத்தினதை விட இதுதான் பாடம். மனசு மாறிட்டா, பழைய பாவத்துக்குக் கைகூட ஒத்துழைக்காது." பிறகு வழிகாட்டியிடம் திரும்பினார். "அடுத்த வருஷம் நீங்க எங்க காலேஜுக்கு வர்றீங்க. அரங்கம் நிறைய ஆள் இருப்பாங்க. இன்னிக்குப் பேசின மாதிரி பேசினாப் போதும்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் தன் கன்னத்தில் விழுவது போலிருந்தது அவருக்கு. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றார்.

வகுப்பு கலைந்ததும் நேராகச் சமையலறையின் பின்பக்கம் போனார். கயிறு இன்னும் கையிலேயே இருந்தது. சமையல்காரர் தொட்டியடியில் குந்தி, கரி பிடித்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த வாளிமேல் உட்கார்ந்த வழிகாட்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இனிமே என்னால முடியாது மச்சான். காலேஜ் மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வேலையை விட்டுடறேன். அந்தப் பொண்ணு என்கிட்ட மன்னிப்புக் கேட்குது. உங்க முகத்தைப் பார்க்கவே வெட்கமா இருக்கு."

"வேலையை விட்டுட்டு? பிள்ளைங்களும் என் தங்கச்சியும் காத்தைக் குடிச்சு வாழ்வாங்களா?"

"அதுக்காக?"

சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேட்டைக்குப் போனவங்க கை தூக்குங்க, அவங்களுக்குத்தான் கைடு வேலைன்னு அன்னிக்கு வன அதிகாரி சொன்னப்போ, கேஸ் போட்டுடுவாங்களோன்னு பயந்து நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். தையல் மெஷினைத் தவிர எதையும் தொட்டறியாத நீங்க தூக்கினீங்க." கயிற்றை வாங்கியவர், கண் மூடித் திறப்பதற்குள் வழுக்கென்று இறுகும் ஒரு சுருக்கைப் போட்டு மாப்பிள்ளையின் மடியில் வைத்தார். "இதை நான் பழக்கிவிடறேன். ஆனா அந்தப் பொந்துக்குள்ள நான் கேட்ட சத்தத்தை மட்டும் இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க மாப்ளே, அது என் காதுல இன்னும் ஓயலை."