கொசுக்கடி அளவுத் தழும்பு

ஏரியில் பூதப்பன், சடையன் என்று இரண்டு நீர்யானைகள் இருந்தன. கரையேறுவதற்குள் இரண்டுக்கும் மூச்சு வாங்கியது. எடையைக் குறைக்கக் கொக்கு டாக்டரிடம் போயின.

“இரைப்பையைச் சின்னதாக்கணும்,” என்றது கொக்கு. “வயித்தை நீளமாக் கிழிச்சும் செய்யலாம், அஞ்சு சின்னத் துளை போட்டும் செய்யலாம். உள்ளே நடக்கிறது ஒரே வேலைதான். துளைன்னா சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.”

“எனக்குத் துளையே போதும், டாக்டர்,” என்றது சடையன்.

“இவ்வளவு பெரிய உடம்புக்குத் துளையா? கிழிச்சிடுங்க,” என்றது பூதப்பன்.

மூன்றாம் நாளே சடையன் நடமாடத் தொடங்கியது. பூதப்பன் ஒரு மாதம் படுத்துக் கிடந்தது. காடே திரண்டு வந்து நலம் விசாரித்தது. இருமினால் உயிர் போகிற வலி இருந்தும், பூதப்பன் வந்தவர்களுக்கெல்லாம் தையலைக் காட்டியது. முயல் பார்த்துவிட்டு அழுதே விட்டது.

சடையனும் தன் வயிற்றைக் காட்டியது. முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்து, “கொசு கடிச்சுதா?” என்று கேட்டது.

ஆறு மாதத்தில் இரண்டும் ஒரே அளவு இளைத்தன. ஆனாலும் சடையன் மறுபடி கொக்கிடம் வந்து தயங்கி நின்றது.

“கொஞ்சம் பெரிசாக்க முடியுமா, டாக்டர்?”

“இரைப்பையையா?”

“இல்லை, தழும்பை.”