காய்ச்சி ஆறிய தண்ணீர்

அது காலரா வந்த வருஷமா, அதற்கு அடுத்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. வேலம்பாசியிலிருந்து ஒரு குமிழ்கூட வரவில்லை என்பது மட்டும் உறுதி.

சேலத்தில், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் செய்முறைப் பரீட்சை. கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் பாசி, பாசியின் மேல் கவிழ்த்த புனல், புனலின் மேல் சோதனைக் குழாய். வெயிலில் பாசி விடும் பிராணவாயுவைக் குழாயில் பிடித்துக் காட்டவேண்டும். ஜன்னலில் நல்ல வெயில்.

மற்றவர்களின் பாத்திரங்களில் குமிழ்கள் நூல் பிடித்தாற்போல் ஏறிக்கொண்டிருந்தன.

பழனியம்மாள் வாசல் பக்கம் பார்க்கவில்லை. புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, காலராவில் போன அக்காவின் புருஷன் காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். தேறினால் இவளுக்கு வேலை. தவறினால் அக்கா இருந்த இடத்துக்கு இவள் போகவேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

காலையில் அவர் கேட்டது காதிலேயே நின்றது. "கொளத்துப் பாசிக்கு மூச்சு வருதான்னு பாக்க ஒரு பரீட்சையா சாமி? ஊட்டுக்கு வந்தா எருமைக்கே பாக்கலாமே."

அக்கா போனதிலிருந்து அவள் பச்சைத் தண்ணீரைத் தொடுவதில்லை. பாசிக்கும், கொதிக்கவைத்து ஆற்றி, துணியில் வடிகட்டிய தண்ணீரைத்தான் சொம்பில் கொண்டுவந்திருந்தாள். என்ன தண்ணீர் என்று பரீட்சகர் அருணகிரி கேட்டபோது பெருமையாகவே சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

இப்போது அவர் முதுகு திரும்பியிருந்தது.

சுண்ணாம்புத் தண்ணீரில் ஊதிக் காட்டுவதற்கான கண்ணாடிக் குழல் மேசைமேல் கிடந்தது. புனலுக்கு அடியில் ஊதிவிட்டால் குழாயில் கொஞ்சம் காற்றாவது சேரும்.

ஊதினாள். குழலின் நுனி நழுவியது. மூச்சு புனலுக்கு வெளியே கொப்பளித்துப் போய்விட்டது. மறுபடி ஊதினாள். அதுவும் வெளியே போயிற்று.

குழலை வைத்துவிட்டு வெறுமனே நின்றாள்.

வெகுநேரம் கழித்து, பாசித் தண்டின் வெட்டிய நுனியில் ஒரு குமிழ் திரண்டது. பின்னாலேயே இன்னொன்று.

இலைகளில் சிக்கிய தன் மூச்சுதான் ஏறுகிறது என்று நினைத்தாள்.

வெயில் சாயும்போது குழாயின் உச்சியில் வாயு சேர்ந்திருந்தது. அருணகிரி வந்து நின்றார். இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

ஊதியதைப் பார்த்துவிட்டார்.

"என்ற மூச்சுங்க சார். நாந்தான் ஊதுனேனுங்க."

அவர் தணல் குச்சியைக் குழாய்க்குள் விட்டார். குப்பென்று பற்றிக்கொண்டது. காய்ச்சிய தண்ணீரில் கரியமில வாயு இருக்காது, அதைத் தெரிந்து மூச்சால் கொடுத்திருக்கிறாய், செடி அதைப் பிளந்துதான் பிராணவாயுவைத் திருப்பித் தருகிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். முழு மார்க் போட்டார்.

அவள் ஒப்புக்கொண்டது திருட்டுத்தனத்தை, அவர் அதை விடையாக எடுத்துக்கொண்டார். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பழனியம்மாள் ஜலகண்டாபுரத்தில் வாத்தியாரம்மாவாக இருந்து, கல்யாணமே செய்துகொள்ளாமல் ஓய்வு பெற்றாள். காளியண்ணன் சங்ககிரியில் பெண் எடுத்தார். அருணகிரி சுதந்திரத்துக்கு முன்பே இறந்துபோனார். வெயில் பட்டுத் தான் இழக்கும் எலக்ட்ரான்களை ஈடுகட்ட இலை தண்ணீரைத்தான் பிளக்கிறது, பிராணவாயு வருவது அதிலிருந்தே, கரியமில வாயுவிலிருந்து அல்ல என்று பிற்பாடு பாடப் புத்தகங்களைத் திருத்தினார்கள்.

அவளுடைய மார்க்கை யாரும் திருத்தவில்லை.