பழைய கமராவின் குற்றம்

"பிள்ளையின்ர ஞானஸ்நானத்தை இந்தப் பழசில எடுக்காதீங்கோ, றிக்சன்," என்றாள் அஞ்சலினா.

அன்புவழிபுரத்தில் இருந்த றிக்சனின் ஸ்டூடியோவுக்குத் தன் கலியாண அல்பத்தையும் கொண்டு வந்திருந்தாள். மேசையில் பழையதும் புதியதுமாக இரண்டு கமராக்கள் இருந்தன.

"இல்லை, புதுசிலதான். மிரர்லெஸ். விலை குறைஞ்ச ரகம், எண்டாலும் ஆக்களின்ர முகத்தைத் தானே தேடிப் பிடிக்கும்."

"நல்லது. நீங்கள் எடுத்த எங்கட கலியாணப் படம் ஒண்டிலயும் இவர் தெளிவில்லை. ஆறு வருசமாச் சொல்லிக் காட்டுறார்."

"கமரா பழசு எண்டு அப்பவே சொன்னனானே."

"பழசு முகத்தைப் பிடிக்காதோ?"

"தானாப் பிடிக்காது. ஃபோகஸ் புள்ளியை ஒவ்வொரு படத்துக்கும் நாங்கள்தான் கொண்டுபோய் வைக்கோணும். எந்த முகத்தில வைக்கிறமோ, அதுதான் தெளிவா விழும்."

சொல்லி முடித்த பிறகுதான் றிக்சன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அஞ்சலினா அல்பத்தை முதலிலிருந்து புரட்டினாள். பீடத்தின் முன்னால், கோயில் வாசலில், கேக் வெட்டும்போது, எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை மங்கலாகவே நின்றார். அவளுடைய முகம் மட்டும் இமைமயிர் வரை தெளிவாக இருந்தது.

"அப்ப கமராவில பிழையில்லை, என்ன?"

அவன் பழைய கமராவை எடுத்து உறைக்குள் வைத்தான்.

அல்பத்தை மூடிக்கொண்டு எழுந்தவள், வாசலில் நின்று திரும்பாமலே சொன்னாள்.

"கலியாணத்துக்கு முதல் ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாமே. நானும் காத்துக்கொண்டுதானே இருந்தனான்."

பிறகு செருப்பைப் போட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை புதுசையே கொண்டு வாங்கோ."